புதுச்சேரியின் பரீட்சைப் படிப்பு

ஓர் ஊரின் சரித்திரத்தை அதன் போர்களைக் கொண்டும் ஆளுநர்களைக் கொண்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டபடியால், புதுச்சேரி என்றவுடன் துய்ப்ளெக்ஸும் லாலியும் கோட்டை முற்றுகைகளும் நம் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, அவ்வூர்ப் பிள்ளைகள் விளக்கடியில் அமர்ந்து எந்தப் பரீட்சைக்கு எவ்விதம் படித்தார்கள், அந்தப் பரீட்சை அவர்களை எந்தக் கரையில் கொண்டு சேர்த்தது என்னும் விஷயம் எவர் சிந்தனைக்கும் எளிதில் எட்டுவதில்லை. ஆயினும் சுமார் இருநூறு ஆண்டுகளாக இந்நகரத்துக் குடும்பங்களின் ஏற்றத்தையும் தாழ்வையும் நிர்ணயித்தவற்றுள் பரீட்சைச் சான்றிதழ் என்னும் ஒரு தாளுக்கு உரிய இடம் சாமானியமானதன்று. இன்று லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர், திட்ட மேலாண்மைத் துறையில் புகுவதற்கான சி.ஏ.பி.எம். என்னும் தொடக்கநிலைச் சான்றிதழுக்குப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்குப் போடுகிறாரென்றால், அவர் புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்கிவிடவில்லை. தம் முப்பாட்டன் காலத்திலிருந்து இவ்வூரில் நடந்துவரும் ஒரு காரியத்தையே வேறு பெயரில் தொடர்கிறார்.

பரீட்சை வருவதற்கு முன்னே படிப்பு இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதத் தொடங்கிய பிள்ளை, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் நிகண்டும் என்று சுவடிக்குச் சுவடி ஏறிச் செல்வானேயல்லாமல், இன்ன மாதம் இன்ன தேதியில் இத்தனை பிள்ளைகளும் ஒரே கேள்விக்கு ஒரே வேளையில் விடையெழுத வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அங்கே கிடையாது. ஒருவன் ஆறு மாதத்தில் முடித்த சுவடியை மற்றொருவன் ஓராண்டில் முடிப்பான். மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த ஏற்பாட்டின் சிறப்பைச் சென்னையிலே கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த அனாதைப் பள்ளியில் அதைப் பரீட்சித்துப் பார்த்து, 1797-இல் இங்கிலாந்தில் ஒரு நூலாக வெளியிட, அது சென்னை முறை என்ற பெயரோடு ஐரோப்பியப் பள்ளிகளில் பரவிற்று என்பது கல்வி வரலாறு அறிந்தோர்க்குத் தெரிந்ததே.

தொழிலும் அப்படியே கற்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை எந்தப் பரீட்சையும் எழுதியவரல்லர். 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, தந்தையார் திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து, வர்த்தகத்தின் நுட்பங்களைக் கண்ணால் கண்டும் கையால் செய்தும் தேர்ந்து, 1736-இல் தொடங்கிய தினப்படிக் குறிப்பைத் தம் கடைசிக் காலம் வரையில் எழுதிவந்த அப்பெருமகனார், 1747-இல் துய்ப்ளெக்ஸின் ஆட்சியில் தலைமைத் துபாஷி என்னும் பதவியை எய்தியது தம் சாமர்த்தியத்தால் மட்டுமே. அந்தப் பதவியின் வேலை என்ன என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நெசவாளர்க்கு முன்பணம் கொடுப்பதற்கு வர்த்தகர்களைத் திரட்டுதல், ஊர் ஊராக நெய்த துணியை வரவழைத்தல், மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தல், வெளுப்புக்கும் சாயத்துக்கும் அனுப்புதல், சிப்பங்களாகக் கட்டுதல், இவையனைத்தையும் கப்பல் புறப்படும் நாளுக்கு முன்னே முடித்தல். புதுச்சேரிக்கு அன்று கப்பலணையும் துறை கிடையாது. திறந்த கடலில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, அலையைக் கடந்து மசூலாப் படகுகளில் சரக்கை ஏற்ற வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் அந்தக் கடலில் நிற்பது கப்பலுக்கே ஆபத்து. ஆகவே காலக்கெடுவை நிர்ணயித்தது அதிகாரியுமல்ல, கும்பினியுமல்ல, காற்று. தெற்கே படை நடமாட்டத்தால் பாதை அடைபட்டாலும், நெசவாளர் ஊரைவிட்டுப் பெயர்ந்தாலும், பிரான்ஸிலிருந்து வெள்ளி வந்து சேரத் தாமதித்தாலும் காற்று காத்திராது. இன்றைய திட்ட மேலாண்மைப் பாடநூல்கள் காலவரம்பு, செலவு, தரம், இடர் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் கூறுகிறவை யாவும் ரங்கப்பிள்ளையின் ஒரு கப்பற்பருவத்தில் அடங்கியிருந்தன என்று சொன்னால் அது புனைந்துரையாகாது. அவர் 1761 ஜனவரி 12-ஆம் நாள் காலமானார். நான்கே நாட்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று.

பரீட்சையென்னும் வாயில் இவ்வூரில் திறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆளுநர் தெபாசன் தெ ரிஷ்மோன் காலத்தில் 1826-இல் அரசக் கல்லூரி நிறுவப்பட்டது. அதுவே இன்றைய லிசே பிரான்சேயின் மூலம். மறு ஆண்டு, 1827-இல், பொது நூலகம் தோன்றியது. இன்று ரொமேன் ரோலண்டு பெயரால் வழங்கும் நூலகம் அது. 1838-இல் சட்டப் பள்ளி ஏற்பட்டது. 1844-இல் பெத்தி செமினேர் பள்ளி. மிஷன் வீதியில் கலவை சுப்பராய செட்டியாரின் கொடையால் எழுந்து, பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்த கல்வே கல்லூரி நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விசேஷமான புகலிடமாயிற்று. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பெருமை கொள்ளுகிற வேளையில் ஒன்றை மறைத்தல் தர்மமாகாது. அரசக் கல்லூரி தொடக்கத்தில் ஐரோப்பியர்க்கும் அவர்கள் வழிவந்தோர்க்குமே உரியதாக இருந்தது. சாதி இந்துக்களுக்கென்று ஒரு பள்ளி, தாழ்த்தப்பட்டோர்க்கென்று வேறொரு பள்ளி என்று சமத்துவத்தைத் தன் கொடியில் எழுதிக்கொண்ட குடியரசின் காலத்திலும் பாகுபாடு நீடித்தது. வினாத்தாள் எல்லோர்க்கும் ஒன்றாகவே இருந்தாலும், வினாத்தாள்வரை வந்து சேரும் பாதை எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை. பரீட்சையைப் புகழ்கிற எவரும் இந்த அநீதியைக் கணக்கில் எடுத்தே தீரவேண்டும்.

அந்தப் பரீட்சைகளின் தன்மையைப் பார்ப்போம். பிரெஞ்சுக் கல்வியின் அடிவாயில் செர்த்திபிக்கா என்று இங்கே வழங்கிய ஆரம்பக் கல்விச் சான்றிதழ். அதற்கு மேலே பிரவே. அதற்கும் மேலே, நெப்போலியன் 1808-இல் ஏற்படுத்திய பக்கலோரெயா. பிரான்ஸில் ஜூல் ஃபெரியின் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் செர்த்திபிக்காவைப் பதினொரு வயதிலிருந்தே எழுதலாமென்று வகுத்தது. 1989-இல் அது எடுபடும் வரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியானவர் பிள்ளைகளும் தொழிலாளர் பிள்ளைகளும் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். அதில் பிரசித்தி பெற்ற நியமம் ஒன்றுண்டு: ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் திக்தேயில் ஐந்து பிழை நேர்ந்தால் சுழி, சுழி என்றால் தோல்வி. கணக்கில் எத்தனை வல்லவனாயிருந்தாலும், கட்டுரை எத்தனை அழகாயிருந்தாலும், அந்த ஐந்து பிழை அவனைக் கரையேற விடாது.

இந்த ஒரு நியமத்திலிருந்து ஒரு படிப்பு முறையே பிறந்தது. நாள் தவறாமல் திக்தே நடத்துவதும், முந்தின நாளின் பிழையை மறுநாள் முதற்காரியமாகத் திருத்துவதும், இன்ன பையன் எந்தச் சொல்லில் தடுமாறுகிறான் என்பதை ஆசிரியர் நினைவில் வைத்திருப்பதும், தேறமாட்டானென்று தோன்றுகிறவனை அந்த ஆண்டு பரீட்சைக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொள்வதும் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர்களின் வழக்கங்கள். ஒலிக்கிறபடியே எழுதும் தமிழெழுத்தில் பழகிய பிள்ளைக்கு, எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகள் நிறைந்த அந்த மொழியில் திக்தே எழுதுவது எத்தகைய பிரயாசை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பாரிஸில் பிறந்தவன் காதால் பாதியை அறிவான். புதுச்சேரியில் பிறந்தவன் முழுவதையும் கண்ணாலும் கையாலும் கற்றாக வேண்டும். என் அபிப்பிராயத்தில், திட்டமிட்டுப் படித்தல் என்னும் பழக்கம் இந்நகரத்தில் வேரூன்றியதற்கு மூலகாரணம் இந்த வேற்றுமொழிப் பாரமே. இயல்பாக வருகிறதைத் திட்டமிட வேண்டியதில்லை. இயல்பாக வராததை நாளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத்தான் சேர்க்க முடியும்.

பிரயாசைக்குப் பயனும் இருந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளின் ஆணைப்படி, தம் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கவும், ஒரு குடும்பப்பெயரைச் சூடிக்கொள்ளவும் இந்தியர்க்கு வழி பிறந்தது. அவ்வாறு துறந்தவர்களுள் முன்னணியில் நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த் என்னும் பெயரை ஏற்று, அப்பெயரால் ஒரு வீதியே விளங்கும்படி வாழ்ந்தவர். சட்டம் பயின்ற அவர், 1873-இல் ஐரோப்பிய உடையும் பாதரட்சையும் அணிந்து நீதிமன்றத்தில் புகுந்ததற்காகத் தண்டிக்கப்பட்டபோது, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்கை வென்றார். சட்டப் பள்ளியின் படிப்பு ஒரு தமிழனுக்கு உத்தியோகத்தை மட்டுமன்றி, அவமதிப்பை எதிர்த்து நிற்கும் வலிமையையும் கொடுத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. இவ்வாறு பிரெஞ்சுக் குடிமக்களாகி, பிரெஞ்சில் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த புதுச்சேரி, காரைக்கால் இளைஞர்கள், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே எழுத்தராகவும் வரி வசூலிப்பவராகவும் காவற்பணியாளராகவும் அமர்ந்தார்கள். சைகோன் என்ற சொல் இந்நகரத்துப் பழைய குடும்பங்களில் இன்றும் தூரதேசத்துப் பெயராக ஒலிப்பதில்லை. தாத்தா வேலை பார்த்த இடமாகவே ஒலிக்கிறது.

இத்தனைக்கும் நடுவே, பரீட்சைப் படிப்பின் உத்தம உதாரணமாக நான் எடுத்துச் சொல்ல விரும்புவது பிரெஞ்சுப் பரீட்சையை அன்று, தமிழ்ப் பரீட்சையை. 1891 ஏப்ரல் 29-ஆம் நாள் வணிகர் கனகசபை முதலியாரின் மகனாகப் புதுச்சேரியில் பிறந்த சுப்புரத்தினம், பிற்காலத்தில் பாரதிதாசனென்று உலகம் போற்றியவர், கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, முதல்வராகத் தேறி, பதினெட்டு வயது நிரம்பியபோதே 1909-இல் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் அரசுத் தமிழாசிரியராக அமர்ந்தார். இந்தச் செய்தியைப் பலரும் அவருடைய மேதைமைக்குச் சான்றாகக் கூறுவர். மேதைமையை யார் மறுப்பார்? ஆனால் அந்த வெற்றியின் பின்னே இருந்த ஏற்பாட்டையும் காண வேண்டும். கல்லூரியின் பாடத்தை எதிர்கொள்ளுமுன்பே இலக்கணத்திலும் இலக்கியத்திலும் அவருக்கு அடித்தளம் இடப்பட்டிருந்தது. பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் முதலிய ஆசிரியர்களின் அருகில் இருந்து கேட்டுக் கேட்டு அவர் பழகியிருந்தார். பரீட்சை அவருடைய கல்விக்குத் தொடக்கமாக இல்லை. ஏற்கெனவே கைவந்திருந்த கல்விக்கு ஊரறிய இட்ட முத்திரையாக இருந்தது. அந்த முத்திரையின் பலத்தில் அவர் 1946 வரை முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். கவிதையும் அரசியலும் அவரை நாற்புறமும் இழுத்த காலத்தும் குடும்பத்தைத் தாங்கியது அந்தச் சம்பளமே.

அவர் வேலையில் அமர்ந்ததற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டால் காலத்தின் மாறுதல் விளங்கும். 1880-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி காலியானபோது, ஓய்வுபெறும் தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு உ. வே. சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார், கல்லூரியைச் சேர்ந்தோர் கேள்வி கேட்டுத் திருப்தியடைந்தனர், வேலை கிடைத்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் என்பதே அங்கே சான்றிதழ். அந்தத் தமிழுலகில் ஆசிரியரின் வாய்ச்சொல் செய்த வேலையைப் புதுச்சேரியில் 1909-இல் பரீட்சைத் தாள் செய்தது. இதனால் நன்மை உண்டாயிற்றா, தீமை உண்டாயிற்றா என்று கேட்டால், நன்மையே அதிகம் என்பேன். ஏனெனில் பெரிய புலவர் ஒருவரை அறியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தத் தாள் கிடைக்கும்.

1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் மாறியபோது பரீட்சைகளும் மாறின. இந்தியாவோடு இணைவதா என்பது குறித்துக் கிழூரில் பிரதிநிதிகள் வாக்களித்து முடித்த இரண்டு வாரத்திற்குள் கொடி மாறிவிட்டது. ஆனால் பிரவேயையே நம்பிப் படித்தவனின் எதிர்காலத்தை இரண்டு வாரத்தில் மாற்றி எழுத முடியுமா? அந்தக் கவலை இரு அரசாங்கங்களுக்கும் இருந்தது என்பதை 1956 மே 28-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை காட்டுகிறது. நிலப்பரப்பையும் கடனையும் குடியுரிமையையும் பற்றிப் பேசும் அந்தப் பெரிய ஆவணம், பக்கலோரெயாவும் பிரவேயும் உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் இந்தியச் சான்றிதழ்களுக்குச் சமமாக ஏற்கப்பட வேண்டுமென்றும், சட்டத்திலும் மருத்துவத்திலும் இங்கே அளிக்கப்பட்ட பட்டங்களுக்கும் அது பொருந்துமென்றும் பெயர் சொல்லிக் குறித்துவைத்தது. இரு தேசங்கள் ஒரு மாணாக்கனின் தாளுக்காக ஒரு பிரிவை ஒதுக்கியதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வருவதற்குள் பள்ளிகளில் பெரும்பாலானவை எஸ்.எஸ்.எல்.சி. வழிக்குத் திரும்பிவிட்டன; புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தையும், மாகி கேரளத்துப் பாடத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்தையும் பின்பற்றும் விநோதமான ஏற்பாடு அமைந்தது. லிசேயில் மட்டும் பக்கலோரெயா இன்றும் எழுதப்படுகிறது.

இப்போது நம் காலத்துப் பரீட்சைக்கு வருவோம். அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய திட்ட மேலாண்மை நிறுவனம், பி.எம்.ஐ. என்று எல்லோரும் அழைப்பது, அனுபவசாலிகளுக்கு 1984 முதல் ஒரு சான்றிதழை நடத்திவந்து, அனுபவமில்லாத புதியவர்களுக்கென்று 2003-இல் சி.ஏ.பி.எம். பரீட்சையை ஏற்படுத்தியது. பள்ளியிறுதிக் கல்வியும், திட்ட மேலாண்மையில் 23 மணி நேர வகுப்பும் இருந்தால் எழுதலாம். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். அவற்றுள் 15 மதிப்பெண்ணில் சேரா, ஆனால் அவை எவை என்பது எழுதுகிறவர்க்குத் தெரியாது. 2023-இல் அமைந்த புதிய பாடத்திட்டம் நான்கு பகுதிகளுக்கும் அளவு வகுத்திருக்கிறது: அடிப்படைக் கருத்துகளுக்கு 36 சதவீதம், முன்கூட்டியே முழுதும் வரையறுத்து நடத்தும் முறைகளுக்கு 17, அவ்வப்போது திருத்திக்கொண்டே செல்லும் அஜைல் முறைகளுக்கு 20, தொழில் தேவைகளை ஆராயும் பகுதிக்கு 27.

இந்த நான்கு எண்களும் பழைய ஐந்து பிழை நியமத்தின் ஸ்தானத்தில் நிற்கின்றன. பரீட்சகர் எதை எவ்வளவு மதிக்கிறாரென்பதை முதலில் அறிந்து, அதற்கேற்பக் காலத்தைப் பங்கிடுவதுதான் அன்றும் இன்றும் படிப்புத் திட்டத்தின் உயிர். நாட்காட்டியில் பரீட்சைத் தேதியை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வரவேண்டும்; ரங்கப்பிள்ளை கப்பல் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதும் அப்படியே. பன்னிரண்டு வாரம் கிடைத்தால், கடைசி இரண்டு வாரத்தை மாதிரித் தேர்வுக்கும் பிழை திருத்தத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிப் பத்து வாரத்தில் மூன்றரை வாரம் அடிப்படைக்கும், இரண்டே முக்கால் வாரம் தொழில் தேவை ஆராய்ச்சிக்கும், இரண்டு வாரம் அஜைலுக்கும், மிச்சம் மற்றதற்கும் என்று வகுப்பது நியாயமான பங்கு. அநேகர் செய்யும் தவறு இவ்விடத்தில்தான் நேருகிறது. முன்பு எழுதித் தேறிய அண்ணனிடமிருந்து வாங்கிய குறிப்பேட்டில், திட்டமுறைச் செயல்முறைகளின் உள்ளீடு வெளியீட்டுப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக இருக்கும். 2023-க்கு முன் அவை இன்றியமையாதவை. இன்று அவற்றையே மனனம் செய்துகொண்டிருப்பவர், 27 சதவீதம் பெறும் ஒரு பகுதியைத் தீண்டாமலே பரீட்சைக்குப் போகிறார். ஆட்சி மாறியபின்னும் பழைய பரீட்சைக்குப் படிப்பதற்கு இது ஒப்பாகும். தினமும் இருபது கேள்விக்காவது விடை குறித்து, தவறியதற்குக் காரணம் எழுதி, மறுநாள் அதையே முதலில் பார்க்கும் வழக்கமுள்ளவர்க்கு மாதிரித் தேர்வு அச்சமூட்டுவதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லையாதலால் எந்தக் கேள்வியையும் விடையின்றி விடலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்க.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. அதைத் தனியொருவரின் அட்டவணையால் தீர்க்க இயலாது. ரங்கப்பிள்ளைக்குப் பரீட்சை இல்லை, வேலை இருந்தது. சுப்புரத்தினத்துக்கு ஆசிரியர்கள் அருகில் இருந்தார்கள், பரீட்சை பின்னால் வந்தது. இன்றைய இளைஞர்க்கோ பரீட்சை முதலில் வருகிறது. வேலையும் இல்லை, வேலையறிந்த பெரியவரின் பழக்கமும் இல்லை. திரையில் ஓடும் பாடத்தைக் கேட்டு, இடர்ப் பதிவேடு என்பதன் இலக்கணத்தை ஒப்பிக்கிறவர், ஒரு பாலம் மழையால் தாமதித்தபோது ஒப்பந்தக்காரரோடு எப்படிப் பேசினார்கள் என்பதை ஒருமுறையேனும் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் அந்த இலக்கணம் அவருக்கு மனனம் செய்யாமலே நிற்கும்.

இந்நகரத்தில் பொதுப்பணித் துறையிலும் மின்துறையிலும் துறைமுகத்திலும் மருத்துவமனைக் கட்டடப் பணிகளிலும் ஆயுள் முழுதும் காரியம் நடத்தி ஓய்வுபெற்ற பொறியாளர்களும் கண்காணிப்பாளர்களும் பலர் இருக்கிறார்கள். 1827 முதல் நூல்களை வைத்துக் காத்துவரும் நூலகம் ஒன்றும் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அந்த நூலகத்தில் ஓர் அறையைத் திறந்துவிட நூலகத்தார் முன்வர வேண்டும். தாம் நடத்திய பணிகளை, தவறியவற்றையும் சேர்த்து, பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்க்கு எடுத்துச்சொல்ல அந்தப் பெரியவர்கள் முன்வர வேண்டும். சாதியும் பணமும் கேளாமல், வருகிற எல்லோரையும் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.